மூளையியலில் இரட்டைப் பட்டம்

வைத்தியர் ஒருவரின் பெயருக்கு முன்னே 'டாக்டர்' என்று எழுதுகின்றோம். ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவருக்கும் ஆங்கிலத்தில் அதே அடைமொழிதான். இவ்விரு பட்டங்களையும் ஒருவரே ஒரு தொடராகக் கற்றுப் பெறும் முறை ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. எமது கல்லூரி மாணவரும், கடல் கடந்து வாழும் பழைய மாணவரின் பிள்ளைகளும் இதுபற்றி விசாரிக்கும்போது முதலிற் கேட்பது, "எத்தனை வருடம் செல்லும்?" என்பதே. அதனினும் முந்திக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு என்பதை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். இலங்கையிலே வைத்தியருக்குரிய முதற் பட்டம் எம்.பி.பி.எஸ். என்பது, எம்.டி. பட்டமோ அதன் பின்னர் நிபுணத்துவப் பயிற்சியிற் புகுந்து சித்தியடைந்தோர் பெறுவது. அமெரிக்காவில் எம்.டி. தான் முதல் வைத்தியப் பட்டம். ஆயினும், நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பொன்றை முடித்த பின்னரே அங்கு வைத்தியக் கல்லூரியினுட் புகமுடியும். இரட்டைப் பட்டத்தை நாடுவோர் அந்நான்கு வருடத்தினுள்ளேயே ஆய்வுகூடம் ஒன்றில் உழைத்துப் பழகியிருத்தலும் வேண்டும்.

இம்முறை 1956 இல் கிளீவ்லாந்து நகரின் வெஸ்ரேண் றிசேவ் பல்கலைக்கழகத்திலே தொடங்கியது. 1964 முதல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் இத்தகைய கல்விக்குப் பொருளுதவி செய்து வருகின்றது. கிளீவ்லாந்தில் இவ்வாறு கற்றோருள் அல்பிரட் கில்மன் 1994 இலும், பெரிட் முராட் 1998 இலும் நோபெல் பரிசு பெற்றனர்.

இனி, மூளை, முண்ணாண், நரம்புகள் ஆகியவற்றை ஆராயும் நரம்பு விஞ்ஞானத்தை எடுத்துக்கொண்டவர் நிறைவேற்றவேண்டிய நியமங்களை நோக்குவோம். முதல் இரண்டு வருடமளவில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல் முதலிய வைத்திய பாடங்கள். இடையிலே வெவ்வேறு ஆய்வுகூடங்களிற் சில வாரங்கள் பணி செய்து, தமக்குரிய மேற்பார்வையாளரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். பெரும்பாலும் இக்கட்டத்தில் வைத்திய அனுமதிக்கான தேசியப் பரீட்சையின் முதற் பகுதி. அடுத்து மூன்று முதல் ஐந்து வருடம் ஆராய்ச்சி: நரம்புக் கலங்களின் தொழிற்பாடு, மூளையின் தொகுதிகள், புள்ளிவிபரவியல் ஆகிய பாடங்கள், ஆராய்ச்சிக்குத் தகுதி காணும் பரீட்சை, ஆய்வுத் திட்டம், இறுதியிலே, முன்னர் எவரும் கண்டிராத ஒன்றை நிறுவும் ஆய்வேடும், அறிஞர் குழுவின் முன் அதனை நிலைநாட்டும் வாதமும். அதன்மேல் மீண்டும் வைத்தியசாலைக்குச் சென்று, பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, உளமருத்துவம் ஆகிய விடுதிகளிலே பயிற்சி பெற்று, தேசியப் பரீட்சையின் இரண்டாம் பகுதியிலும் தேறல் வேண்டும். இவை யாவும் முடிய எட்டு வருடமளவாகும். பின்னர் நரம்பியல் வைத்தியராக நான்கு வருடப் பயிற்சி. மூளைச் சத்திரசிகிச்சை எனில் ஏழு வருடம். 18 வயதிற் பல்கலைக்கழகம் புகுந்தவர் நரம்பியல் வைத்தியராகி வெளிவரும்போது 34 வயதைக் கண்டிருப்பார்.

நிற்க. இந்நீண்ட வழியிலே மாணவரைத் தளர்விப்பது பாடங்களின் பாரம் மாத்திரம் அன்று. நோயாளியின் கட்டிலருகே நிற்பவர், அறிந்ததைக்கொண்டு அப்பொழுதே தீர்மானித்தல் வேண்டும். தாமதம் உயிருக்கு ஆபத்தாகும். ஆய்வுகூடத்தில் இருப்பவரோ சான்று நிறையும்வரை தீர்மானியாதிருத்தல் வேண்டும். அவசரம் உண்மைக்கு ஆபத்தாகும். இவ்விரு பண்புகளையும் ஒரே உள்ளத்திற் பதித்தல் எளிதன்று. கூடவே புகுந்த தோழர் வைத்தியராகிச் சம்பளம் பெறும் நாளிலே, தாம் மட்டும் பிழைத்துப்போன பரிசோதனையை மீண்டும் தொடங்கவேண்டிவரும். விடுதிக்குத் திரும்பியதும், தம்மிலும் இளையோர் கைதேர்ந்து நிற்கக் காண்பார். பட்ட ஆசை ஒன்றே துணையாக வந்தவர் இவ்விடத்திலே தளர்ந்துபோவர்.

"இரட்டைப் பட்டம் இன்றியே பெரிய காரியம் செய்தவர் இலரோ?" எனிற் பலர் உளர். கடலில் வாழும் நத்தையினம் ஒன்றைக்கொண்டு ஞாபகத்தின் இரகசியத்தை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற எரிக் கண்டெல் எம்.டி. பட்டம் மாத்திரம் பெற்றவர். ஸ்ரான்லி புரூசினரும் அவ்வாறே. 1972 இல் பயிற்சி வைத்தியராயிருந்தபோது, மூளையை விரைந்து அழிக்கும் நோய் கண்ட நோயாளி ஒருவர் அவரது பராமரிப்புக்கு வந்தார். 'இந்நோய் எதனால் வந்தது?' என்ற வினா அவரை ஆய்வுகூடத்துக்கு இழுத்துச் சென்று, 1997 இல் நோபெல் பரிசில் நிறுத்தியது. ஆகவே பட்டங்கள் வினாவுக்குக் கருவிகளேயன்றி வினாவுக்குப் பதிலாகா. ஆயினும் இன்று மூளையை ஆராயப் பௌதிகமும் பரம்பரையியலும் கணிதமும் வேண்டியிருத்தலின், முறையான ஆராய்ச்சிக் கல்வியை வீண் என்று தள்ளுதலும் பொருந்தாது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் இவ்விரு பட்டங்களையும் பெற்ற கார்ல் டைசரோத் என்னும் உளமருத்துவர், பாசியின் ஒளியுணர் புரதத்தை நரம்புக் கலத்தினுட் புகுத்தி, ஒளியினால் அதனை இயக்கும் முறையை 2005 இல் தம் கூட்டாளிகளுடன் வெளியிட்டமை இதற்குச் சான்றாகும்.

எம் மாணவர் இன்னொன்றையும் அறிதல் நன்று. மேற்சொன்ன அரசாங்க உதவி அமெரிக்கப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவுரிமை உடையோருக்குமே உரியது. ஏனையோர்க்கு வாயில் மிக ஒடுக்கம். அதனால் மனஞ்சோர வேண்டியதில்லை. சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிலே வைத்தியம் கற்று, பின்னர் கேம்பிறிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் வி. எஸ். இராமச்சந்திரன். கை இழந்தோர் இல்லாத கையில் உணரும் வேதனையைச் சாதாரணக் கண்ணாடி ஒன்றைக்கொண்டு தணிக்கலாம் என 1990களில் அவர் காட்டினார். ஒன்றன்பின் ஒன்றாகக் கற்கும் அவ்வழி எமக்கும் திறந்தே உளது.

முதலிற் கேட்கவேண்டியது, "எத்தனை வருடம்?" என்பதன்று, "எந்த வினாவுக்காக இத்தனை வருடத்தைக் கொடுக்கப் போகின்றேன்?" என்பதே. எந்தப் பல்கலைக்கழக விதிநூலிலும் எழுதப்படாத இந்நியமத்தை நிறைவேற்றும் பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே தொடங்குதல் வேண்டும். நாமோ பரிசளிப்பு விழாவிலே வைத்திய பீடத்துக்குத் தெரிவானோரின் தொகையை வாசித்து மகிழ்கின்றோம். அது மகிழத்தக்கதே. எனினும், ஆய்வுகூடத்திலே தானே ஒரு வினாவை எழுப்பி, ஒரு வருடம் விடாது பரிசோதித்த மாணவன் ஒருவனுக்கு, அப்பரிசோதனை தோல்வியுற்றதாயினும், பழைய மாணவர் சங்கம் ஒரு பரிசு வழங்கலாகாதா? விழாக் கொண்டாடும் இவ்வாண்டிலேயே அதனைத் தொடங்குவோமாக.