பட்டாவில் இல்லாத விவசாயி

என் பிறப்புச் சான்றிதழ் பிரெஞ்சில் எழுதப்பட்டது. அப்பாவின் தொழில் அதில் 'குல்த்திவாத்தேர்' என்று இருக்கிறது. பயிரிடுபவர் என்று அர்த்தம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. பாகூர்ப் பக்கம் கடைசிவரை வாய்ப்பேச்சுக் குத்தகையில்தான் உழுதார். ஆனாலும் அந்தக் காகிதம் அவரை விவசாயி என்று ஒப்புக்கொண்டது.

பிறகு நான் அரசாங்கத்தில் எழுத்தரானேன். ஒரு மழை வருஷம், பயிர்ச் சேதப் பட்டியல் எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. சேறு காயாத காலோடு ஒருவர் வந்து நின்றார்.

"அய்யா, மூணு நாளா தண்ணி வடியலீங்க. கதிரெல்லாம் முளைச்சுப் போச்சு."

பட்டா யார் பேரில் என்று கேட்டேன். சென்னையில் இருக்கும் ஒருவர் பெயரைச் சொன்னார். குத்தகைச் சீட்டு இல்லை. "பட்டாதாரரை வரச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டேன். விதிப்படி சரிதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அதை நான் சொல்லவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்து வயல்களிலும் புகுந்தது. ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் என்று புதுச்சேரி அரசு அறிவித்தது. மத்திய அரசின் அப்போதைய பேரிடர் நிவாரண விதியில் பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய்தான்; அதுவும் 33 சதவீதமாவது சேதம் இருந்தால், 2 ஹெக்டேர் வரைக்கும். ஆகவே தொகையை நான் குறை சொல்லவில்லை. அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

அந்த விதியில் இந்தப் பணத்துக்குப் பெயரே இடுபொருள் மானியம். விதை வாங்கியவர், உரத்துக்குக் கடன் சொன்னவர், நடவுக்கூலி கொடுத்தவர் யாரோ அவருக்குத்தானே அது சேரவேண்டும்?

குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இங்கே 1970-லேயே வந்தது. அதனாலேயே, சீட்டு எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளர்கள் பயந்தார்கள். எல்லாம் வாய்ப்பேச்சாகவே நின்றது. ஆந்திராவில் 2019-ல் ஒரு வழி கண்டார்கள். நில உரிமையைத் தொடாமல், பயிரிடுபவருக்கு 11 மாதத்துக்கு ஓர் அட்டை. அதற்கும் உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்பதுதான் குறை. என்னைக் கேட்டால், புரட்டாசிக்குள் வேளாண் துறை ஆள் வயலில் இறங்கி, பக்கத்து வயல்காரர்கள் இருவரின் சாட்சியோடு, இந்தப் போகம் யார் பயிர் என்று எழுதிக்கொண்டால் போதும். நிவாரணத்துக்கு மட்டும் அது செல்லட்டும்.

இதைப் படிப்பவர்களில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் இருப்பவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். விதி மாறும்போது மாறட்டும். அதுவரை, நிவாரணப் பணம் உங்கள் கணக்கில் விழுந்தால், தயவுசெய்து உழுதவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அவராக வந்து கேட்கமாட்டார். அடுத்த போகத்துக்கும் உங்கள் நிலம் அவருக்கு வேண்டும்.