வாசலுக்கே வரும் கார் வாஷ் வேன்: கரண்டுக்கு எங்கே போவது?

சென்னை கே.கே.நகரில் வீட்டு வாசலுக்கே வேனில் போய் கார் கழுவித் தரும் தொழிலாளர்களுக்கு பெரிய தலைவலி கரண்டுதான்.

தண்ணீர் பீய்ச்சும் மோட்டார் சுமார் 1,500 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி கணக்குப்படி 1,800 வாட்டை ஒரு மணி நேரம்தான் தரும். ஆசிட் பேட்டரியை பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போச்சு. ஆக, இன்வெர்ட்டரில் அரை மணி நேரம் ஓடினாலே பெரிசு. வேக்குவத்தையும் சேர்த்துப் போட்டால் அவ்ளோதான்!

பெட்ரோல் ஜெனரேட்டர் தாக்குப்பிடிக்கும். ஆனால் மூடிய வேனுக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு புகை ஆளையே கொன்றுவிடும்.

வீட்டு இணைப்பை தொழிலுக்கு பயன்படுத்தியது உறுதியானால், 2003 மின்சார சட்டம் 126-வது பிரிவில் உரிய கட்டணம்போல் 2 மடங்கு கட்டணும். வணிக இணைப்பில் சார்ஜ், ஒரு நேரத்தில் ஒரே மெஷின். இதுதான் கைக்காசு கரையாத வழி!