எடையின் மரபணுவும் ஒப்புதல் படிவமும்

உடல் பருமனுக்காக எங்களிடம் வருவோரில் பலர், நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களைப் போலப் பேசத் தொடங்குகிறார்கள். "வாயைக் கட்ட முடியவில்லை, டாக்டர்" என்பார்கள். உடன் வந்த உறவினரும் அதையே வழிமொழிவார். எடை என்பது முழுக்க முழுக்க மனவுறுதி சார்ந்தது என்னும் எண்ணம் நம் வீடுகளில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது. இரட்டையர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளோ வேறு விதமாகக் கூறுகின்றன. ஆளுக்கு ஆள் காணப்படும் எடை வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 70 விழுக்காடு வரை மரபுவழி வருவது என்பது அவற்றின் கணிப்பு.

இதன் மிகத் தெளிவான சான்று 1997-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. கடும் பருமனும் அடங்காப் பசியும் கொண்ட, உறவினர்களான இரு குழந்தைகளின் உடலில் லெப்டின் என்னும் ஹார்மோன் சுரக்கவே இல்லை. அதற்குரிய மரபணு பழுதுபட்டிருந்தது. பின்னர் லெப்டினை ஊசியாகச் செலுத்தியபோது பசி தணிந்தது, எடையும் குறைந்தது. ஆனால் இத்தகைய ஒற்றை மரபணுக் குறைபாடு மிக அரிது. நம்மில் பெரும்பாலோரின் எடையைத் தீர்மானிப்பவை, தனித்தனியே மிகச் சிறிய விளைவு கொண்ட நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகளே. 2007-இல் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணு வேறுபாடு அவற்றுள் பெரியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள், அது அறவே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை கொண்டிருந்தனர். பெரியதே 3 கிலோ என்றால், மற்றவற்றின் விளைவைக் கண்டறிய எத்தனை பேரை ஒப்பிட வேண்டியிருக்கும்!

எந்தத் தனி மருத்துவமனையாலும் இது இயலாது. எனவேதான் 'ஜயன்ட்' என்னும் பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு பல நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. 2010-இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரை ஆராய்ந்து மரபணுத் தொகுதியில் 32 இடங்களைக் கண்டது. 2015-இல் ஏறத்தாழ 3,39,000 பேரில் 97 இடங்கள். 2018-இல் ஏறத்தாழ 7 இலட்சம் பேரில் 941 வேறுபாடுகள். ஆயினும் அந்த 941-உம் சேர்ந்து எடை வேறுபாட்டில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே விளக்கின. உமிழ்நீரைப் பரிசோதித்து "உங்கள் மரபணுவுக்கேற்ற உணவுமுறை" தருவதாக விளம்பரம் செய்வோரிடம் பணம் கட்டுமுன், இந்த 6 விழுக்காட்டை நினைவிற்கொள்ளுங்கள்.

இத்தகைய கூட்டு முயற்சியில் அறிவியலைவிட ஒழுங்கே கடினமானது என்பது எங்கள் கருத்து. ஓரிடத்தில் காலணியுடன் எடை பார்த்து, வேறோரிடத்தில் நோயாளி வாய்மொழியாகச் சொன்ன எடையையே எழுதிக்கொண்டால், மரபணுவின் சிறு விளைவு அந்தப் பிழைக்குள் மறைந்துபோகும். எங்கள் செவிலியர் காலணியைக் கழற்றச் சொல்வதும், இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளப்பதும் வீண் சம்பிரதாயம் அன்று.

இடுப்பை ஏன் அளக்க வேண்டும்? 2004-இல் 'லான்செட்' இதழில் லண்டன் மருத்துவர் யுட்கினும் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர். இருவரின் உடல் நிறைக் குறியெண்ணும் 22.3 தான். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தோன்றும் நம்மவருக்கு நீரிழிவு வரும் காரணத்தின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் ஏழு இலட்சம் பேரோ ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களின் எடையிலிருந்து வரைந்த படத்தை நம் உடலுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் இருபது நிறுவனங்கள் இணைந்து, நம் நாட்டினர் பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதியைப் படித்துள்ளன. நல்ல தொடக்கம். ஆனால் எடையைப் பொறுத்தவரை இலட்சங்களில் எண்ணினால்தான் விடை கிடைக்கும். இந்திய மருத்துவமனைகள் ஒரே முறையில் அளந்து, ஒரே முறையில் பதிந்து, கூட்டாகச் செயல்பட வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

"மரபணு என்றால் விதிதானே, பிறகு நடப்பதும் உணவைக் குறைப்பதும் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கும் கூட்டாய்வே விடை தந்தது. எட்டு ஆய்வுகளில் பங்கேற்ற 9,563 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2016-இல் பார்த்தபோது, எஃப்.டி.ஓ. வேறுபாடு உடையவர்களும் உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றால் மற்றவர்களைப் போலவே எடை குறைந்திருந்தனர்.

ஆய்வுக்காக உங்களிடம் இரத்தம் கேட்கும்போது, உங்களுக்கும் கேட்கும் உரிமை உண்டு. மாதிரி எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார்கள், பெயர் நீக்கப்படுமா, வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். பல மையங்கள் இணையும்போது ஒவ்வொரு மையமும் தன் கணக்கீட்டின் தொகுப்பு முடிவை மட்டும் அனுப்பினாலே பெரும்பாலும் போதும். தனிநபர் விவரம் வெளியே செல்லத் தேவையில்லை. அதற்கு மேல் கேட்கும் ஆய்வுக்குழு காரணத்தைத் தமிழில், உங்களுக்கு விளங்கும்படி சொல்லட்டும். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது.

இன்னொன்று. உங்கள் மரபணு உங்களுடையது மட்டுமன்று. உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் அதில் பங்காளிகள். ஆகவே உடனே கையெழுத்திட வேண்டியதில்லை. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று அவர்களுடன் படித்துப் பாருங்கள். அடுத்த முறை வரும்போது தந்தாலும் போதும்.