பெருநாள் காசில் வாங்கிய மீன்கள் ஏன் நாலு நாளில் மௌத்தாகின்றன?



பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் கிழமை. தரம் 3 பிள்ளைகளிடம் பெருநாள் காசில் என்ன வாங்கினீர்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டோம். விளையாட்டுத் துவக்கு, சைக்கிள் பெல், கலர் பென்சில் என்று வரிசையாக வந்தது. ஏழு பிள்ளைகள் மீன் வாங்கியிருந்தார்கள். அதில் ஆறு பேரின் மீன் அதற்குள் மௌத்து. ஏழாவது மகள் மட்டும் சந்தோசமாகச் சொன்னாள்: "எங்கட மீன் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது டீச்சர். எங்களோட கதைக்குது."

அது கதைக்கவில்லை. தண்ணீரில் ஒட்சிசன் போதாமல் மூச்சுக்குத் தவிக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டோம். மறுநாள் வந்து, "உம்மா சொன்னா அதுக்கு அஜல் முடிஞ்சிட்டாம்" என்றாள்.

அஜல் அல்லாஹ்வின் கையில். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஹெல்மட் போடாமல் போய் விழுந்தவனைப் பார்த்து நாம் அஜல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லையே. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸை மதரசாவிலும் வகுப்பிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே பிள்ளையின் கையில், மூன்று லீற்றர் தண்ணீர் கொள்ளாத ஒரு வட்டக் குடுவையில் இரண்டு கோல்ட் பிஷ்ஷைப் போட்டுக் கொடுக்கிறோம்.

எங்கள் கருத்தை நேராகவே சொல்கிறோம். அந்த வட்டக் குடுவையை வாங்காதீர்கள். கோல்ட் பிஷ் நன்றாக வளர்ந்தால் ஒரு சாணுக்குக் கிட்ட வரும், பத்து வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். ஒரு பிள்ளை தரம் 1இல் வாங்கிய மீன் அது சாதாரண தரப் பரீட்சை எழுதும்போதும் வீட்டில் இருக்க வேண்டும். அதிகம் கழிவு போடுகிற மீன், குளிர்ந்த தண்ணீரில் சுகமாக இருக்கிற மீன். நம் கிழக்குக் கரை வெயிலில், மேசை மேல் ஒரு குடுவையில் அது நாலு நாள் இருந்ததே பெரிய விடயம்.

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் எங்கள் கதையையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்காக எங்கள் ஆரம்பப் பிரிவில் ஒரு மீன் தொட்டி வைத்தோம். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. மேற்பார்வை என்றால் தெரியும்தானே, சுவருக்குப் பெயின்ட், தொட்டிக்குக் குளிப்பு. கல்லையெல்லாம் வெளியே எடுத்துத் தேய்த்தோம். பில்டர் ஸ்பொஞ்சைப் பைப்பைத் திறந்து வெள்ளையாகும்வரை பிழிந்தோம். முழுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினோம். வந்தவர்கள் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் மீன் எல்லாம் மிதந்தன.

கலாசாலையில் நைதரசன் வட்டம் படித்துப் பரீட்சையில் எழுதியும் இருக்கிறோம். ஆனால் அந்த வட்டம் எங்கள் மேசை மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது எங்களுக்கு உறைக்கவில்லை. மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அமோனியாவாக மாறும். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும், இது அவ்வளவு ஆபத்தில்லை. இந்தப் பற்றீரியாக்கள் குடியிருப்பது ஸ்பொஞ்சிலும் கல்லிலும். அவை தேவையான அளவுக்குப் பெருக நாலு முதல் ஆறு கிழமை வரை எடுக்கும். நாங்கள் அழுக்கு என்று பிழிந்து எறிந்தது அந்தக் குடியிருப்பைத்தான். மிச்சம் இருந்ததைப் பைப் தண்ணீரின் குளோரின் பார்த்துக்கொண்டது.

பெருநாள் மீன்கள் சாவதற்கும் காரணம் இதுவேதான். புதுக் குடுவை, புதுத் தண்ணீர், பற்றீரியா ஒன்றுமே இல்லை, நாளுக்கு ஐந்து தடவை தீன்.

"அந்தக் காலத்தில் பள்ளிவாசல் ஹவ்ழில் மீன் இருந்ததே, பில்டரா போட்டார்கள்?" என்று ஒரு நானா கேட்டார். நல்ல கேள்வி. நம்மில் பலர் சின்ன வயதில் முதன்முதலாக மீனைக் கிட்டத்தில் பார்த்தது வுழூ எடுக்கும்போது ஹவ்ழில்தான். அங்கே ஆயிரக்கணக்கான லீற்றர் தண்ணீர், கொஞ்ச மீன். மேலே கூரை. நாளுக்கு ஐந்து வக்தும் ஜமாஅத் வுழூ எடுக்கத் தண்ணீர் குறையும், புதுத் தண்ணீர் சேரும். சுவரில் வழுக்குகிற பாசி. கையளவு தீன் போட யாருமில்லை, நுளம்புக் குடம்பிதான் சாப்பாடு. மீன் வளர்ப்பின் சட்டம் முழுக்க அந்த ஹவ்ழிலேயே இருக்கிறது.

வீட்டில் இதைச் செய்வது கஷ்டமில்லை. இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 54 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 54 கிலோ, கண்ணாடியும் கல்லும் வேறு. ஆகவே ஆடுகிற மேசை வேண்டாம். அடியில் ரெஜிபோம் ஒன்று விரித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மூலையில் அழுத்தம் விழுந்து கண்ணாடி வெடிக்கும். ஜன்னலோரமும் வேண்டாம், வெயில் பட்டால் தண்ணீர் சூடாகிப் பச்சையாகும்.

தொட்டியை நிரப்பி பில்டரைப் போட்டு, உடனே மீன் வாங்க ஓடாதீர்கள். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால் அவர்களின் பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் பில்டரில் வையுங்கள். அது கடையில் விற்கும் எந்தப் போத்தலையும் விடப் பெறுமதி. பிறகு இரண்டு மூன்று கப்பியோடு தொடங்குங்கள். நம் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் கொஞ்சம் சவர். கப்பிக்கும் மொலிக்கும் அது ஒத்துப்போகும். நியோன் டெட்ரா போன்றவை மென்தண்ணீர் மீன்கள், அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கிழமைக்கு ஒரு தடவை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பைப் தண்ணீர் என்றால் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். கிணற்றுத் தண்ணீர் என்றால் வாளிக்கு வாளி நாலைந்து தடவை உயர்த்தி ஊற்றுங்கள், காற்றுச் சேரும். ஸ்பொஞ்சைக் கழுவத்தான் வேண்டும், ஆனால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். சவர்க்காரம் கிட்டவே வரக்கூடாது.

தீன் இரண்டு நிமிடத்தில் முடிகிற அளவு போதும். இரண்டு மூன்று நாள் போடாவிட்டாலும் வளர்ந்த மீன் சாகாது. பட்டினியில் செத்த மீனை விடத் தீன் கூடிச் செத்த மீனைத்தான் நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம். ஒரு வீட்டில் வாப்பா காலையில் போடுவார், உம்மா லுஹருக்குப் பிறகு, பிள்ளை நினைத்த நேரமெல்லாம், வந்த மாமியும் ஒரு பிடி. யாராவது ஒருவர் மட்டும் பொறுப்பெடுங்கள்.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நேரத்திலும் எங்கள் இரண்டாவது தொட்டி தப்பியது. ஒரு கோப்பையால் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் முறை வைத்துச் செய்தார்கள். அதைவிடச் சந்தோசமான பாடவேளை அந்த வருடத்தில் இருக்கவில்லை. அந்த நேரத்தில் தீன் போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு விடயம், இதில் எங்களுக்குக் கோபமே வருகிறது. 'டேங்க் கிளீனர்' என்று விரலளவில் விற்கிறார்களே, அது வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல் போகும். தொட்டி கொள்ளாமல் போனதும் "பாவம், உயிர்" என்று தோணாவிலோ குளத்திலோ விட்டுவிட்டு நன்மை கிடைத்ததாக நினைக்கிறோம். அப்படி விட்டவைதான் இன்று நாட்டின் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன, கத்தி மீனும் அதே கதை. கடினமான முள்ளும் தோலும் உள்ள அந்த மீன் வலையில் சிக்கினால் மீனவருக்கு மீனும் இல்லை, வலையும் இல்லை. செரி பார்ப் போன்ற, இந்தத் தீவுக்கே உரிய சின்ன மீன்கள் வேறு இருக்கின்றன, அவற்றின் இடத்தில்தான் இவை போய் உட்காருகின்றன. வைத்திருக்க முடியாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள்.

மீன் செத்த பிறகு தொட்டியை வளவு மூலையில் அப்படியே போட்டுவிடுவதும் நம் வழக்கம். மாரி மழைக்கு அது நிரம்பும். பிறகு பீ.எச்.ஐ. வந்து சிவப்பு நோட்டீஸ் ஒட்டினால் அவரோடு சண்டை பிடிக்கிறோம். கவிழ்த்து வையுங்கள்.

எங்கள் வகுப்பறைத் தொட்டியில் ஒன்பது கப்பியோடு தொடங்கினோம், இப்போது எண்ண முடியவில்லை. தொட்டியை நிரப்பி, பில்டர் போட்டு ஒரு மாதம் ஆனவர்கள் பாடசாலை நாட்களில் 2 மணிக்குப் பிறகு மூடியுள்ள பெரிய போத்தலோடு வாருங்கள். ஆறு கப்பியும் ஒரு துண்டு ஸ்பொஞ்சும் தருவோம், காசு வேண்டாம். அந்த மகளுக்கு முதலாவதாக எடுத்து வைத்திருக்கிறோம். அவளுடைய வாப்பா தொட்டி வாங்கி இன்றோடு பதினெட்டு நாள், இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் காலையில் வந்து, "டீச்சர், பற்றீரியா வந்துட்டா?" என்று கேட்கிறாள்.