உப்பளத்தில் வீணாகும் உழைப்பு! தடுப்பது எப்படி?

சென்னையில் இருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிறவர்கள் மரக்காணத்தைப் பார்த்து இருப்பார்கள். விழுப்புரம் மாவட்டத்து ஊர் அது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திகள். கரைகளில் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள்.

அந்த உப்பு லேசில் கிடைப்பது அல்ல. ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்து இருக்கும் உப்புகள் சுமார் 35 கிராம்தான். நீரில் சுமார் 10க்கு 9 பங்கு ஆவியாகப் போன பிறகே சமையல் உப்பு விளையத் தொடங்கும். விளைந்த உப்பை வார வேண்டும். கரைக்குச் சுமக்க வேண்டும். எல்லாம் கொளுத்தும் வெயிலில்.

"உற்பத்தியைப் பெருக்க வேண்டும்" என்று சொன்னால், "இன்னும் வேகமாக உழைக்கச் சொல்கிறார்கள்" என்றுதான் தொழிலாளி நினைப்பார். வேகத்தைக் கூட்டாமல் உற்பத்தியைப் பெருக்க முடியாதா?

முடியும் என்று காட்டியது ஜப்பான்.

ஜப்பான் காட்டிய வழி

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றது. பணம் இல்லை, பொருள் இல்லை. அந்தக் காலத்தில் டொயோட்டா கார் கம்பெனியில் தாய்ச்சி ஓனோ என்ற என்ஜினீயர் இருந்தார். "தொழிலாளி சும்மா இருக்கிறாரா?" என்று அவர் பார்க்கவில்லை. "வேலையில் எது வீண்?" என்று பார்த்தார்.

தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, வீணாகச் சுமப்பது, வேண்டாத வேலை, அளவுக்கு மீறிய இருப்பு, வீண் நடை, பழுதான பொருள் என்று 7 வகை வீணை அவர் கண்டார். அவற்றைக் குறைக்கும் முறைக்கு 1988-ம் ஆண்டில் "லீன்" என்று பெயர் வந்தது. கொழுப்பு இல்லாதது என்று அதற்குப் பொருள்.

நாற்காலிக் கணக்கு

ஒரு மரச்சாமான் தொழிற்சாலையைப் பார்ப்போம். 100 நாற்காலி செய்ய வேண்டும். முதலில் 400 கால்களையும் அறுத்துக் குவித்து விடுகிறார்கள். பிறகு பூட்டிப் பார்த்தால் துளை சரியாக இல்லை! 400 கால்களும் பாழ்.

பத்துப் பத்து நாற்காலியாகச் செய்து இருந்தால் 40 கால்களோடு தவறு தெரிந்து இருக்கும். 360 கால்களுக்கு உரிய மரம் தப்பி இருக்கும். யாரும் கூடுதலாக வியர்வை சிந்த வேண்டியது இல்லை.

உப்பளத்தில் என்ன வீண்?

இதே கண்ணோடு உப்பளத்தைப் பாருங்கள்.

முதலாவது, சுமை. பாத்தியில் இருந்து குவியல் 100 அடி தூரம் என்று வைத்துக்கொள்வோம். போய் வர 200 அடி. ஒருவர் நாளைக்கு 100 நடை நடந்தால் 20 ஆயிரம் அடி. அதாவது 6 கிலோ மீட்டர்! அதில் பாதித் தூரம் தலையில் சுமை. வரப்பை அகலப்படுத்தித் தள்ளுவண்டி போக வழி செய்தால் தலைச்சுமை குறையும், நடையும் குறையும். உப்பு குறையாது.

இரண்டாவது, பழுது. உவர்நீரின் அடர்த்தியைப் "போமே" என்ற டிகிரியில் அளப்பார்கள். சுமார் 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து விடும். உப்பு கசக்கும், ஈரம் கட்டும், விலை போகாது. அளந்து பார்த்து, காலத்தில் கழிவு நீரை வெளியேற்றினால் அந்த நஷ்டம் இல்லை.

மூன்றாவது, காத்திருப்பது. விடியும்போதே ஆட்கள் வந்து விடுகிறார்கள். லாரி உச்சி வெயிலில் வருகிறது என்றால் குளிர்ந்த நேரம் எல்லாம் வீண்.

ஜப்பான் முறை அப்படியே பொருந்தாத இடமும் உண்டு. கார் கம்பெனியில் இருப்பைக் குறைக்கலாம். உப்பளத்தில் முடியாது. வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பு விளையாது. அந்த மாதங்களில் விற்க, முன்பே குவித்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் மழைக்கு முன்பே மூடி வைக்கலாம். 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணம் பகுதியிலும் மழை கொட்டித் தீர்த்தது. மழையில் கரைந்த உப்பு திரும்பி வருமா?

பயம் நியாயமானதே

சிறு தொழில்களில் இந்த முறையைப் பரப்ப, மத்திய அரசு 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் புதிய "லீன்" திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டும் நிபுணருக்கு ஆகும் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. உற்பத்தித் தொழில் செய்யும் சிறு நிறுவனங்களுக்கான திட்டம் அது.

முதலாளிக்கு லாபம். சரி. தொழிலாளிக்கு?

10 பேர் செய்த வேலையை 8 பேர் முடித்தால், மீதி 2 பேரின் கதி என்ன? இந்தப் பயம் நியாயமானது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலையே கிடையாது. அதனால்தான் அந்த மாதங்களுக்காகத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5 ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டில் தொடங்கியது. வெயில் காலத்து வேலையும் போய்விட்டால் அடுப்பு எப்படி எரியும்?

டொயோட்டாவே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தது. 1950-ம் ஆண்டில் அங்கே ஆட்குறைப்பு வந்தது. வேலைநிறுத்தம் மூண்டது. கம்பெனித் தலைவர் கீச்சிரோ டொயோடா பதவியை விட்டு விலகினார். மறு ஆண்டு, யோசனை சொல்லும்படி தொழிலாளிகளையே கேட்கும் ஏற்பாடு அங்கே தொடங்கியது. வேலை போகாது என்ற நம்பிக்கை வளர்ந்தது, யோசனைகளும் குவிந்தன.

தன் யோசனையால் தன் வேலையே போகும் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

எந்த வரப்பில் கால் வழுக்குகிறது, எந்தப் பாத்தியில் உப்பு கசக்கிறது என்பது தினமும் அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும். சுமக்கிற பெண்ணைக் கேட்டால் வழி எங்கே சுற்று என்று சொல்லி விடுவார்.

எனவே உப்பள முதலாளிகள் முதலில் செய்ய வேண்டியது ஒன்று. "வேலையில் இருந்து யாரையும் நீக்க மாட்டேன். மிச்சமாகும் பணத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு" என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு கேட்கட்டும், எது வீண் என்று. பதில் தானாக வரும்.