டி வாங்கினால் நல்லதா, கெட்டதா?

ஒரு வீட்டில் அண்ணன், தங்கை. அண்ணன் பொறியியல், தங்கை பி.எஸ்சி. இரண்டு பேருக்கும் கணக்குப் பாடத்தில் 'டி' கிரேடு. யாருக்குத் திட்டு விழ வேண்டும், யாருக்கு மைசூர்பாகு?

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள் மக்களே. அண்ணன் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஒழுங்குமுறையில் படித்தவர் என்றால், டி என்பது 57 முதல் 60 மார்க் வரை. அதற்குக் கீழே 'ஈ' ஒன்று உண்டு. அதையும் தாண்டி விழுந்தால் 'யூ', அதாவது அரியர். தங்கை கலை அறிவியல் கல்லூரியில், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2008-09இல் கொண்டுவந்த முறைப்படி படித்தவர் என்றால், அதே டி என்பது 75 முதல் 79 வரை. அங்கே டி என்றால் டிஸ்டிங்ஷன்! அதற்கு மேலே 'டி பிளஸ்', 80 முதல் 89. அந்தப் பட்டியலில் 'ஏ' வாங்கியவர் இவர்கள் இருவருக்கும் கீழே 60 முதல் 69இல் நிற்கிறார். பொறியியலின் 2013 பட்டியலிலோ ஏ என்பது 81 முதல் 90.

டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் நாடு முழுக்கப் பொதுவாக இருக்கட்டும் என்று இன்னொரு பட்டியல் கொடுத்தது. ஓ, ஏ பிளஸ், ஏ, பி பிளஸ், பி, சி, பி(பாஸ்), எஃப். அதில் டி என்ற எழுத்தே கிடையாது. பிரச்சினை தீர்ந்தது பாருங்கள்!

இது சிரிப்பதற்கு நல்ல விஷயம்தான். ஆனால் வேலைக்கு வரிசையில் நிற்பவருக்குச் சிரிப்பு வராது. உத்தனப்பள்ளி மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் இருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. சுற்றிலும் தக்காளி, ரோஜா, காய்கறித் தோட்டங்கள். ஒரு பக்கம் ஓசூர் சிப்காட். 2020க்குப் பிறகு பக்கத்திலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் எழுந்துவிட்டது. இந்த ஊரில் பிளஸ் டூ முடித்த பத்துப் பேர் பத்துத் திசையில் போகலாம். ஒருவர் கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரி. அது சேலத்தில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ். இன்னொருவர் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, அல்லது ஓசூரிலேயே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அவை அண்ணா பல்கலைக்கழகம். தன்னாட்சி வாங்கிய கல்லூரி என்றால் அதற்கென்று தனி விதிப்புத்தகம். வசதி இருப்பவர் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி, பெங்களூரு என்று கர்நாடகத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். அங்கே வேறு மாநிலம், வேறு விதி.

போகும்போது பத்துத் திசை. படிப்பு முடிந்து திரும்பும்போது எல்லோரும் வந்து நிற்பது அதே நாலைந்து கம்பெனி கேட்டில்தான். அங்கே கையில் கொடுக்கப்படும் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் இருக்கிறது: சதவீதம் அல்லது சி.ஜி.பி.ஏ.

அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சி.ஜி.பி.ஏ. என்பது பெரிய ரகசியம் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கிரெடிட் எண் உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு என்றால் ஒரு கிரெடிட், செய்முறை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. இதுதான் பொதுவான கணக்கு. வாங்கிய கிரேடு புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவது சராசரி. நாலு கிரெடிட் பாடத்தில் 6 புள்ளி, இரண்டு கிரெடிட் பாடத்தில் 9 புள்ளி என்றால் சாதாரணச் சராசரி 7.5. ஆனால் கிரெடிட் கணக்கில் 24ம் 18ம் சேர்ந்து 42, அதை ஆறால் வகுத்தால் 7. பெரிய பாடத்தில் சறுக்கினால் பெரிய அடி. இது நியாயமான ஏற்பாடு, இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கோளாறு புள்ளி போடும் இடத்தில்தான். கலை அறிவியல் முறையில் மார்க்கைப் பத்தால் வகுத்ததுதான் புள்ளி. 61 வாங்கினால் 6.1. 69 வாங்கினால் 6.9. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் 61 முதல் 70 வரை எல்லோருக்கும் 'பி பிளஸ்', எல்லோருக்கும் 7 புள்ளி. இப்போது பாருங்கள். எல்லாப் பாடத்திலும் 61 வாங்கிய பொறியியல் மாணவரின் சி.ஜி.பி.ஏ. 7.0. பத்தால் பெருக்குவதுதான் வழக்கம், ஆகவே அவர் 70 சதவீதம். எல்லாப் பாடத்திலும் 69 வாங்கிய பி.எஸ்சி. மாணவி 6.9, அதாவது 69 சதவீதம். ஒவ்வொரு பாடத்திலும் எட்டு மார்க் கூடுதலாக வாங்கியவர் ஒரு படி கீழே! கம்பெனி '7.0க்கு மேல்' என்று கோடு போட்டால் அவர் கேட்டுக்கு வெளியே.

'பொறியியல் கஷ்டம், கலைக் கல்லூரி சுலபம், அதனால் சரியாகிவிடும்' என்று உடனே ஒரு பதில் வரும். பொறியியலில் பாஸ் மார்க் 50, இளநிலைக் கலை அறிவியலில் 40 என்பதும் உண்மைதான். ஆனால் பாடம் கஷ்டமா சுலபமா என்பதை ஈடுகட்ட யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு இந்தப் பட்டியல்களைப் போடவில்லை. தனித்தனியாகப் போட்டார்கள், தற்செயலாக ஒரே கட்டத்துக்குள் வந்து மோதுகின்றன. அதற்கு நியாயம் கற்பிப்பது வீண் வேலை. (ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் வகுப்பில் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதை வைத்து கிரேடு போடும் வழக்கமும் உண்டு. அதையும் இதே கட்டத்தில் போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம்.)

இதில் இன்னொரு வேடிக்கை, எழுத்து கிரேடு வந்ததற்குச் சொன்ன காரணமே 'ஒரு மார்க், இரண்டு மார்க் வித்தியாசத்துக்குப் பிள்ளைகள் மனம் உடையக்கூடாது' என்பது. நடந்தது என்ன? 81க்கும் 90க்கும் ஒரே கிரேடு. 90க்கும் 91க்கும் ஒரு முழுப் புள்ளி வித்தியாசம். ஒன்பது மார்க் காற்றில் கரைந்துவிடுகிறது, ஒரு மார்க் மலையாகிவிடுகிறது. மறுமதிப்பீட்டுக்கு ஏன் இத்தனை கூட்டம் என்று ஆச்சரியப்படுபவர்கள் இந்த ஒரு மார்க்கைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சரி, கிரேடை விடுங்கள். 'விருப்பத் தெரிவு கிரெடிட் முறை' என்று பெயர் வைத்தார்களே, அந்த விருப்பம் எங்கே?

தமிழ்நாட்டு இளநிலைப் பட்டத்துக்கு அந்த 2008-09 ஏற்பாட்டில் 140 கிரெடிட். பகுதி ஒன்று மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், பகுதி நான்கில் சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி இன்ன பிற, பகுதி ஐந்து நாட்டு நலப்பணித் திட்டம் மாதிரியானவை. இதில் மாணவர் 'தேர்ந்தெடுப்பது' என்பது பெரும்பாலும் பகுதி நான்கில் வரும் பிற துறை விருப்பப் பாடம். அதுவும் எந்தத் துறையில் வாத்தியார் இருக்கிறாரோ, எந்த வகுப்பறை காலியோ, அதுதான் விருப்பம். ஒரே ஒரு குழம்பு வைத்துவிட்டு 'என்ன வேணும் சொல்லுங்க' என்று கேட்கும் மெஸ் மாதிரி.

ஆனால் அதே பகுதி நான்கில் எல்லைப்புறத்துக்கென்றே செய்த மாதிரி ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓசூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், உறவுக்காரர்களிடம் கன்னடம் என்று வளரும் பிள்ளைகள் ஏராளம். பள்ளியில் தமிழ் படிக்காமல் வந்து, கல்லூரியிலும் வேறு மொழியைப் பகுதி ஒன்றில் எடுப்பவருக்கு 'அடிப்படைத் தமிழ்' என்று தாள்கள் உண்டு. பள்ளியில் தமிழ் படித்துவிட்டு இங்கே வேறு மொழி எடுப்பவருக்குச் 'சிறப்புத் தமிழ்'. மற்றவர்களுக்குத்தான் அந்தப் பிற துறைப் பாடம். யார் எங்கிருந்து வருகிறார் என்று பார்த்து, அதற்கேற்ப வேறு வேறு தாள் வைத்து, அதற்கும் கிரெடிட் கொடுத்திருக்கிறார்கள். விதி எழுதுபவர்கள் நினைத்தால் ஆளைப் பார்த்தும் எழுத முடியும் என்பதற்கு இது சாட்சி. மற்ற இடங்களில் ஏன் நினைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

குறிப்பாக, நடுவில் நின்றுபோகிறவர்கள் விஷயத்தில்.

உத்தனப்பள்ளி பேருந்து நிறுத்தத்தில் காலையில் இரண்டு வகை வண்டிகள் வரும். ஒன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஏறும் டவுன் பஸ். இன்னொன்று கம்பெனி பஸ். டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர் ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்கு மாறிவிடுவது ரொம்பச் சாதாரணம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அக்கா கல்யாணக் கடன், போர்வெல்லில் தண்ணீர் இல்லை, காரணமா பஞ்சம்! இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு நிற்கிறார் என்று வையுங்கள். நாலு செமஸ்டர், கிட்டத்தட்ட தொண்ணூறு கிரெடிட். அரியர் ஒன்றுகூட இல்லை. அவரிடம் இருப்பது நாலு மார்க் ஷீட், ஒரு டி.சி. கம்பெனி கணக்கில் அவர் யார்? பிளஸ் டூ. இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவரும் அவரும் ஒரே வரிசை.

கிரெடிட் என்றால் கணக்கில் சேர்ந்தது என்று அர்த்தம். சேர்ந்தது எங்கே போயிற்று?

எல்லைக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்தில் 2021-22இல் புதிய தேசியக் கல்விக் கொள்கையை முதல் ஆளாக நடைமுறைப்படுத்தினார்கள். ஒரு வருடம் முடித்து நின்றால் சான்றிதழ், இரண்டு வருடத்துக்கு டிப்ளமோ, மூன்றுக்குப் பட்டம், நாலுக்கு ஹானர்ஸ் என்று ஏற்பாடு. ஆட்சி மாறியது. 2024-25இல் இருந்து மறுபடியும் மூன்று வருடப் பட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஆக, அத்திப்பள்ளியைத் தாண்டிப் படிக்கப் போன அண்ணனுக்கு ஒரு விதி, மூன்று வருடம் கழித்துப் போன தம்பிக்கு வேறு விதி. மத்திய அரசு 2021இல் கிரெடிட் வங்கி என்று ஒன்றையும் தொடங்கியது. சேர்த்த கிரெடிட்டை ஏழு வருடம் வரை வைத்திருந்து வேறு கல்லூரியில் பயன்படுத்தலாம், பட்டம் கொடுக்கும் இடத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கல்லூரியின் கிரெடிட்டை அந்தக் கல்லூரி ஏற்க வேண்டுமே! இரண்டு பாடத்திட்டமும் பொருந்த வேண்டும், சீட் இருக்க வேண்டும், தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பேங்கில் பணம் இருக்கிறது, எந்தக் கடையிலும் செல்லாது என்றால் அது என்ன பேங்க்?

தமிழ்நாட்டில் இந்த நடுவழி வெளியேற்றத்துக்குப் பலத்த எதிர்ப்பு உண்டு. 'ஒரு வருடத்திலேயே ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பினால், ஏழை வீட்டுப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், அதோடு நின்றுவிடுவார்கள். கல்லூரி கதவைத் திறந்து வைத்துப் போ என்று சொல்வது மாதிரி ஆகிவிடும்' என்பது வாதம். இதை லேசில் தள்ளிவிட முடியாது. வீட்டில் 'அதான் சர்டிபிகேட் வந்துடுச்சே, போதும்' என்று சொல்ல ஆள் இருக்கும் ஊர் இது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டத்திலும், 2024இல் இருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கொடுப்பது பிள்ளைகளைக் கல்லூரிக்குள் நிறுத்திவைக்கத்தான். நல்ல காரியம்.

ஆனால் அந்த வாதம் உள்ளே இருப்பவரைப் பற்றியது. ஏற்கெனவே வெளியே போனவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. வெளியேறும்போது அழகான சான்றிதழ் கொடுத்துக் கையசைக்க வேண்டியதில்லை. அவர் திரும்பி வரும்போது நாற்காலி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஷிப்டு வேலையில் இரண்டு வருடம் சம்பாதித்துக் கடனை அடைத்துவிட்டு, ஐந்தாவது செமஸ்டரில் வந்து உட்கார நினைப்பவருக்கு இன்று என்ன வழி? பாடத்திட்டம் மாறியிருந்தால் மறுபடியும் அலைச்சல், பகலில் 75 சதவீத வருகைப்பதிவு, இல்லையென்றால் தொலைநிலைக் கல்வியில் முதலில் இருந்து. சேர்த்த தொண்ணூறை அப்படியே ஏற்றுக்கொண்டு, மாலை நேரத்தில் மீதி ஐம்பதைப் படிக்க வைக்க ஒரு புதிய கொள்கையும் தேவையில்லை, டெல்லியின் அனுமதியும் தேவையில்லை. ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் கல்லூரிகளுக்குள்ளாவது இதைத் தொடங்கலாம். கிருஷ்ணகிரியில் படித்தவர் ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்தால், அங்கிருக்கும் கல்லூரியில் மாலையில் தொடர விடலாம். ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று பார்த்து, செமஸ்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிரெடிட் மட்டும் எடுக்க விடலாம். கிரெடிட் முறையின் மொத்த சௌகரியமே அதுதானே? மூன்று வருடத்தில் முடித்தால்தான் படிப்பு என்றால் பழைய ஆண்டுத் தேர்வு முறையே போதுமே.

கிரேடு குழப்பத்துக்கு அதைவிடச் சின்ன வேலைதான். மார்க் ஷீட்டின் முன்பக்கம் எழுத்துக்குப் பக்கத்தில் நூற்றுக்கு எத்தனை என்ற எண்ணையும் அச்சடிக்க வேண்டும், பல கலைக் கல்லூரிகளில் இப்போதும் அடிக்கிறார்கள். பின்பக்கம் அந்தப் பல்கலைக்கழகத்தின் கிரேடு பட்டியல் முழுதும், வகுப்பில் எத்தனை பேர் அதே கிரேடு வாங்கினார்கள் என்பதும் இருக்க வேண்டும். கம்பெனிக்காரர் காகிதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பிப் பார்ப்பாரா என்று கேட்டால்... ஓசூரில் ஒரு வாக்-இன் நாளில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது :-)