ஏ.பி.ஏ. வீரர்களின் கணக்கை என்.பி.ஏ. தீர்க்கட்டும்

அமெரிக்காவில் 1967இல் தொடங்கி 1976இல் மறைந்த ஏ.பி.ஏ. எனும் தொழில்முறைக் கூடைப்பந்து லீகின் ஆட்டக் கணக்குகளை, அதன் நான்கு அணிகளை விழுங்கி வளர்ந்த என்.பி.ஏ. இன்றுவரை தனது அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்காமல் இருப்பது எவ்வகையிலும் நியாயமன்று.

பதினொரு அணிகளோடும், சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த பந்தோடும் களமிறங்கிய அந்த லீகை மூத்த லீக் கேலிக்கூத்தாகவே கருதியது. ஆயினும், தொலைவிலிருந்து வளையத்தில் இடும் பந்துக்கு மூன்று புள்ளி தரும் கோட்டை, 1961இல் தோன்றி விரைவில் மடிந்த வேறொரு லீகிடமிருந்து எடுத்து நிலைநிறுத்தியது ஏ.பி.ஏ.தான், என்.பி.ஏ. அதை 1979இல்தான் ஏற்றது. உயர எழும்பிப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் ‘டங்க்’ ஆட்டத்துக்கான போட்டியும் 1976இல் டென்வரில் ஏ.பி.ஏ. நடத்தியதே. குற்றம் எதுவும் சுமத்தப்படாமலே, சூதாட்டச் சந்தேகத்தின் பேரில் என்.பி.ஏ. ஒதுக்கிவைத்த கானி ஹாக்கின்ஸ் ஏ.பி.ஏ.வில் ஆடி, பிட்ஸ்பர்க் அணிக்கு அதன் முதல் பட்டத்தை வென்று தந்தார்.

இரு லீகுகளும் வீரர்களுக்காகப் போட்டியிட்டதால் ஊதியம் உயர்ந்தது. அதனாலேயே இணைப்பைத் தடுக்கக் கோரி ஆஸ்கர் ராபர்ட்சன் தலைமையில் என்.பி.ஏ. வீரர்கள் 1970இல் வழக்குத் தொடுத்தனர். அது 1976இல் சமரசத்தில் முடிந்தபின், டென்வர், இந்தியானா, நியூயார்க், சான் அன்டோனியோ அணிகள் தலா 32 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்றன. நியூயார்க் அணியோ, அதே வட்டாரத்து நிக்ஸ் அணிக்கும் இழப்பீடு தர வேண்டியிருந்ததால், தன் ஒப்பற்ற வீரர் ஜூலியஸ் எர்விங்கையே விற்றது. சேர்க்கப்படாத செயின்ட் லூயிஸ் அணியின் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள், 22 லட்சம் டாலரோடு, அந்நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருவாயில் ஏழில் ஒரு பங்கையும் காலவரையின்றி எழுதி வாங்கினர். அதன் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க 2014இல் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 50 கோடி டாலர்.

ஆடிய வீரர்களுக்கு வந்ததோ, 2022இல் ஏறத்தாழ 115 பேருக்கென ஒதுக்கப்பட்ட 2.45 கோடி டாலர் மட்டுமே. அதுவும் மூன்றாண்டுகளேனும் ஆடியவர்களுக்கு. உரிமையாளர்களின் ஒப்பந்தத்தை வரிபிசகாமல் காத்த அமைப்பு, முதுமையில் வாடிய வீரர்களை 46 ஆண்டுகள் காக்கவைத்தது.

ஏ.பி.ஏ.வின் ஆட்டத்தரம் தாழ்ந்தது என்னும் வாதம் அதன் தொடக்க ஆண்டுகளுக்கு ஓரளவு பொருந்தலாம். ஆனால் 1971 முதல் இரு லீக் அணிகளும் மோதிய காட்சி ஆட்டங்களில் ஏ.பி.ஏ. 79இலும் என்.பி.ஏ. 76இலும் வென்றன. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல்., தன்னோடு இணைந்த ஏ.எஃப்.எல்.லின் கணக்குகளை ஏற்றது. நிறவெறியால் ஒதுக்கப்பட்ட கறுப்பின லீகுகளின் கணக்குகளை மேஜர் லீக் பேஸ்பால் 2024இல் தன் ஏட்டில் சேர்த்தது.

இரு லீகுகளிலுமாக 30,026 புள்ளிகள் எடுத்த எர்விங்குக்கு என்.பி.ஏ. ஏடு காட்டுவது 18,364 மட்டுமே. இந்த ஏட்டைத் திருத்துவதோடு, ஏ.பி.ஏ.வில் ஆடிய ஆண்டுகளை என்.பி.ஏ. பணியாண்டுகளாகவே எண்ணி, எஞ்சியுள்ள வீரர்களுக்கு முழு ஓய்வூதியம் வழங்கவும் அந்த அமைப்பு முன்வர வேண்டும்.